தேவசகாயம் உண்ட பந்தி

2022 மே 15 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். 2012இல் அருளாளர் பட்டம் பெற்றபோது பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ இம்முறை இல்லை. அன்றைய ஞாயிறு நற்செய்தி, இறுதி இராவுணவில் இயேசு தம் சீடர்களுக்குக் கொடுத்த அன்புக் கட்டளை.

அதன்பின் நம் பங்குகளில் அவருக்குக் கெபிகள் எழுந்தன, நவநாள்கள் தொடங்கின. நல்லதுதான். ஆனால், அன்பார்ந்த இறைமக்களே, அவர் ஏன் சிறைப்பட்டார் என்பதை எத்தனை நவநாள் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்? திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பின்பு, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், உடன் அமர்ந்து உண்டார். மதம் மாறியதோடு இதுவும் சேர்ந்துதான் மேல்தட்டினரின் பகையை மூட்டியது. 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் நடந்ததையும் நாம் அறிய வேண்டும். அங்கே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று, மக்கள் அமரும் கூடங்கள் இரண்டு! சாதிக்கொரு பக்கம், நடுவே சுவர். 1910இல் இயேசு சபைத் தந்தை கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். பிரிவினை வேண்டும் என்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றும் வழக்கு நிற்கவில்லை.

இன்று ஆலயத்துக்குள் அப்படிச் சுவர் எழுப்ப யாரும் துணியமாட்டார்கள். சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பாராமல் கைகூப்புகிறோம். சுவர் இடம்பெயர்ந்து நம் வீட்டுக்குப் போய்விட்டது என்பதே நம் கணிப்பு. மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள்: ‘ஆர்.சி.’ என்று எழுதி, அடுத்த சொல்லாகச் சாதி. திருமண ஓலை வாசிக்கப்படும்போது ஊர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது பெயர்களையா, பெயர்களுக்குப் பின்னால் உள்ளதையா? பிள்ளைகள் சாதி கடந்து மணம்முடிக்க விரும்பினால், ஐம்பது ஆண்டுகள் செபமாலை சொன்ன குடும்பங்கள்கூட மறுநாள் கதவடைக்கின்றன. சில ஊர்களில் தேர் இன்னும் சில தெருக்களுக்குள் நுழைவதில்லை. கல்லறைத் தோட்டத்திலும் இடம் தனித்தனி. மரித்தோரின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், எந்தப் பக்கத்திலிருந்து உயிர்த்தெழுவோம் என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறோமா?

2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதி வேறுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்றும், அது உண்மையான ஆன்மிகத்துக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார். சமூகச் சிக்கல் என்று ஒதுக்கிவிட அவர் இடம் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இழந்தார்கள். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. அந்த ஆணை வெளியான ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறோம், கொடி பிடிக்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் தில்லியிடம் கேட்கும் நீதி, நம் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கிடைக்கிறதா?

பெரிய மாற்றங்களுக்கு ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கை உண்டு. 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நாம் இங்கே கேட்பது சின்ன விஷயம். அன்பியக் கூட்டம் முறை வைத்து வீடு வீடாக நடக்கிறது. எந்த வீட்டின் முறை வரும்போது வருகை குறைகிறது? எந்த வீட்டில் செபம் முடிந்ததும், “வேலை இருக்கிறது” என்று தேநீர் குடிக்காமல் எழுந்துபோகிறார்கள்? அன்பியப் பொறுப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவர்கள் அதை வாய்திறந்து சொல்லட்டும்.