திருமணச் செலவு: ஊர் கூடி எடுக்க வேண்டிய முடிவு

திருமணம் என்பது இரண்டு குடும்பங்களை இணைக்கும் மகிழ்ச்சிகரமான நிகழ்வாகும். ஆனால் இன்று நடுத்தர, வறிய குடும்பங்கள் பலவற்றுக்கு அது பல வருட காலக் கடனின் தொடக்கமாகவும் மாறிவிட்டது. மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள இரத்தோட்டையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் தோட்டங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய் விளையும் வீட்டுத் தோட்டங்களையும், தேயிலைத் தோட்டக் கூலியையும், சிறு வியாபாரத்தையும் நம்பி வாழும் மக்களே இங்கு பெரும்பான்மையினர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவர் வீட்டு விருந்துக்கு மற்றவர் சென்று வரும் பழக்கமுள்ள பிரதேசம் இது. எனவே திருமணச் செலவு என்ற சுமையும் இங்கு ஒரு சமூகத்துக்கு மாத்திரம் உரிய பிரச்சினையாக இல்லை.

நாட்டின் பொருளாதாரம் 2022 ஆம் ஆண்டில் நிலைகுலைந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. பின்னர் பணவீக்கம் தணிந்தது உண்மையே. ஆனால் பணவீக்கம் தணிவது என்றால் விலைகள் ஏறும் வேகம் குறைவது என்பதேயன்றி, விலைகள் பழைய நிலைக்குத் திரும்புவது அல்ல. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தது. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அவுன்ஸ் ஒன்றுக்கு 4,000 டொலரைக் கடந்தது. இலங்கையில் ஒரு பவுண் தங்கம் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது.

இந்த விலைகளை வருமானத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2024 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தவும், அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழியப்பட்டது. இரண்டையும் சேர்த்து 1,750 ரூபா முழுமையாகக் கைக்குக் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மூன்று இலட்சம் ரூபா பெறுமதியான ஒரு பவுணுக்காக ஒரு தொழிலாளி 171 நாட்கள் உழைக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் உண்ணவும் கூடாது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவும் கூடாது. தாலிக்கொடிக்கும் காதணிக்கும் வளையலுக்குமாக ஐந்து பவுண், பத்துப் பவுண் என்று பேசப்படும் இடத்தில் இக்கணக்கை எவரும் உரத்துச் சொல்வதில்லை.

அடுத்தது விருந்து. மண்டபத்தில் ஒருவருக்கான உணவு 2,000 ரூபா என்று ஓர் உதாரணத்துக்காக எடுத்துக்கொள்வோம். 400 பேரை அழைத்தால் எட்டு இலட்சம் ரூபா. அதன்மேல் 10 வீத சேவைக் கட்டணமும், மண்டபம் வரிக்குப் பதிவு செய்யப்பட்டதாயின் 18 வீத வரியும் சேரும்போது செலவு 10 இலட்சத்து 38 ஆயிரம் ரூபாவைக் கடந்துவிடும். அதே விருந்து 150 பேருடன் முடியுமாயின் செலவு மூன்று இலட்சத்து 90 ஆயிரம் ரூபாவுக்குள் அடங்கும். வித்தியாசம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் ரூபா. மாதம் 25 நாட்கள் வேலை கிடைக்கும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இது ஏறக்குறைய 15 மாத வருமானமாகும். மேடை அலங்காரத்திலும் அழைப்பிதழிலும் சிறு தொகைகளைச் சேமிப்பதற்காக மிகுந்த சிரமப்படும் குடும்பங்கள், அழைப்போர் பட்டியலைத் தொடுவதற்கு மாத்திரம் தயங்குகின்றன. உண்மையில் திருமணத்தின் செலவைத் தீர்மானிப்பவை தங்கமும் அந்தப் பட்டியலுமே.

அவ்வாறாயின் மக்கள் ஏன் இவ்வாறு செலவு செய்கிறார்கள்? கணக்குத் தெரியாமல் அல்ல. சந்தையில் மிளகின் விலை ஒரு ரூபா குறைந்தாலும் அறிந்து வைத்திருக்கும் மக்களுக்கு இந்தக் கணக்கை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமே இதற்குக் காரணம். அடுத்த வீட்டில் மண்டபத்தில் நடந்த திருமணத்தை இந்த வீட்டில் முற்றத்தில் நடத்தினால், அது சிக்கனம் என்று கொள்ளப்படுவதில்லை. இயலாமை என்றே பேசப்படுகின்றது. குறிப்பாகப் பெண்ணைப் பெற்றவர்கள், தமது மகள் புகுந்த வீட்டில் குறைத்து மதிக்கப்பட்டு விடுவாளோ என்று அஞ்சியே கடன் வாங்குகின்றனர். எனவே "சிக்கனமாகச் செய்யுங்கள்" என்று தனியொரு குடும்பத்துக்கு உபதேசம் செய்வதில் பெரும் பயன் இல்லை. சிக்கனமாகச் செய்பவருக்கு அவப்பெயர் வரும் நிலை நீடிக்கும்வரை அந்த உபதேசத்தை எவராலும் பின்பற்ற முடியாது.

கொவிட் தொற்றுக் காலம் இதற்குச் சான்று பகர்கின்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் திருமண விருந்தினர் தொகைக்குச் சுகாதார விதிகள் வரம்பு விதித்தன; 2021 ஆகஸ்டில் வைபவங்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. அக்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுடன் வீட்டிலேயே எத்தனையோ திருமணங்கள் நடந்தேறின. எவரும் அவற்றை இழிவாகப் பேசவில்லை. அந்தத் தம்பதியரின் வாழ்வுக்கு அதனால் குறைவும் நேரவில்லை. கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவாக இருந்தமையே இதற்குக் காரணமாகும். விதி நீங்கியதும் பழைய போட்டி மீண்டும் திரும்பிவிட்டது. நோய்க்கு அஞ்சி ஏற்றுக்கொண்ட ஒழுங்கை, கடனுக்கு அஞ்சி நாமாகவே ஏற்றுக்கொள்ளக் கூடாதா என்பதே எமது கேள்வியாகும்.

மார்க்கமும் மரபும் ஆடம்பரத்துக்கு ஆதரவாக இல்லை. இஸ்லாத்தில் திருமணத்தின் பொருளாதாரப் பொறுப்பு ஆணைச் சார்ந்தது. பெண்ணுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்குமாறு அல்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் பணிக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களை மணந்தபோது அளித்த வலீமா விருந்து பேரீச்சம் பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டதாகவே இருந்தது என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் விருந்து கண்டிக்கப்பட்டுள்ளதையும் அறிவோம். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்கூட, கைக்கூலி என்பதை மணமகளின் நன்மைக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணமாகவே நோக்குகின்றது. ஆனால் நடைமுறையில் அது மணமகன் வீட்டாரின் செலவுகளில் கரைந்துபோவதும், மஹர் பெயரளவுக்குச் சுருங்கிப்போவதும் மறைக்க முடியாத உண்மைகளாகும்.

தமிழர் மத்தியிலும் எளிய திருமணத்துக்கு வலுவான முன்னுதாரணங்கள் உள்ளன. 1928 இல் தமிழகத்தின் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய சுயமரியாதைத் திருமணம் அவற்றுள் ஒன்று. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் அத்தகைய திருமணங்களுக்கு, அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1967 இல் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் முழு அங்கீகாரம் அளித்தது. சடங்குகளை விரும்புவோர் ஆலயத்திலேயே சுருக்கமாக அவற்றை நிறைவேற்றலாம். வாழைமரமும் குருத்தோலைத் தோரணமும் மாக்கோலமும் கட்டிய பந்தலைவிட, வாடகைக்கு வந்த செயற்கைப் பூ மேடை அழகானது என்று எந்த மரபும் சொல்லவில்லை.

சட்டத்தின் மூலம் இதனைச் சீர்செய்ய முனைந்த நாடுகளும் உண்டு. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் 2016 இல் நிறைவேற்றிய திருமண வைபவச் சட்டம், விருந்தில் ஒரு கறி வகையுடன் கூடிய உணவுக்கு மாத்திரமே அனுமதி அளித்தது. இரவு 10 மணிக்கு வைபவத்தை முடிக்கவும் பணித்தது. தமிழ்நாட்டின் அனுபவமோ வேறுவிதமானது. 1989 முதல் வறிய பெண்களின் திருமணத்துக்கு உதவி வழங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022 இல் அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்கான பாதுகாப்பு திருமண நாளின் செலவில் அன்றி அவளது கல்வியிலேயே உள்ளது என்ற எண்ணம் அம்மாற்றத்தின் பின்னால் இருந்தது. இரத்தோட்டைப் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய விடயம் இது. ஆறரை இலட்சம் ரூபா ஒரு மகளின் தொழிற்பயிற்சிக்கோ, புதுக்குடும்பத்தின் வீட்டுக் கூரைக்கோ, ஒரு தையல் கடையின் ஆரம்ப முதலுக்கோ போதுமான தொகையாகும்.

எனினும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எமது ஊர்களில் மரணாதார சங்கங்களும் ஜனாஸா நலன்புரி அமைப்புகளும் இயங்குகின்றன. ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால் கூடாரமும் கதிரைகளும் பாத்திரங்களும் வந்து சேர்கின்றன. சிறு நிதியும் கிடைக்கின்றது. அயலவர் சமையலைப் பொறுப்பேற்கின்றனர். அங்கு எவரும் போட்டி போடுவதில்லை. உதவியைப் பெறுவதை எவரும் அவமானமாகக் கருதுவதும் இல்லை. துக்கத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்றுசேரத் தெரிந்த சமூகம், மகிழ்ச்சியில் மட்டும் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்து விடுவது ஏன்? அதே கூடாரமும் கதிரைகளும் திருமண வீட்டுக்கும் வரலாம். பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் தோட்டத் தலைவர்களும் தத்தமது மக்களைக் கூட்டி, விருந்தினர் தொகை, உணவு வகை, மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்பதில்லை என்ற உறுதி ஆகிய மூன்றையிட்டுப் பொதுவான இணக்கம் ஒன்றுக்கு வரலாம். மண்டபத்துக்குப் பதிலாக மத்ரஸா மண்டபத்தையும் பாடசாலை மண்டபத்தையும் ஆலய மண்டபத்தையும் குறைந்த கட்டணத்தில் வழங்கலாம்.

இத்தகைய இணக்கம் நிலைத்திருக்க வேண்டுமாயின் முதலில் அதனைக் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் வசதி படைத்தவர்களே. வறியவர் எளிமையாகச் செய்தால் அது அவரது நிலைமை. செல்வந்தர் எளிமையாகச் செய்தால் அது ஊருக்கு முன்மாதிரி. ஊரில் மதிப்புள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் 150 பேருக்குள், வீட்டு முற்றத்தில், ஒரு நேர விருந்துடன் தமது பிள்ளைகளின் திருமணத்தை நடத்துமாயின், அதன்பின் எவரும் கடன் வாங்கி மண்டபம் தேட வேண்டிய நிர்ப்பந்தம் இராது.

குடும்பங்களும் திட்டமிடும் ஒழுங்கை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டுப் பின்னர் பணத்தைத் தேடுவதே இன்றைய வழக்கமாக உள்ளது. கையில் உள்ள, கடனல்லாத தொகை எவ்வளவு என்பதை இரு வீட்டாரும் சேர்ந்து முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தொகை எத்தனை பேருக்கு விருந்தளிக்கப் போதும் என்பதை அடுத்ததாகத் தீர்மானிக்க வேண்டும். இடமும் அலங்காரமும் அதற்குப் பின்னரே வர வேண்டும். மொய்ப் பணம் வந்துசேரும் என்ற நம்பிக்கையில் செலவு செய்வதும் தவிர்க்கப்பட வேண்டும்; மொய் என்பது பின்னொரு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனேயாகும். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் எமது முஸ்லிம் விருந்திலும், வாழையிலையில் வரிசையாகப் பரிமாறும் தமிழ் விருந்திலும் உள்ள நெருக்கத்தை எந்தப் பெரிய மண்டபமும் தந்துவிட முடியாது. வீட்டு மரத்துச் சாதிக்காயும் ஏலமும் மணக்கச் சமைக்கும் பிரதேசத்தில் விருந்தின் சுவைக்காக எவரும் கடன்பட வேண்டியதும் இல்லை.

இதனால் சமையற்காரரும் புகைப்படக் கலைஞரும் மண்டப உரிமையாளரும் தொழில் இழப்பார்கள் என்ற வாதம் முன்வைக்கப்படலாம். அது கருத்திற்கொள்ள வேண்டிய வாதமே. ஆனால் வீட்டில் நடக்கும் திருமணத்துக்கும் சமையற்காரர் வேண்டும், பூக்கட்டுபவர் வேண்டும், படம் எடுப்பவர் வேண்டும். பணம் நகரத்து மண்டபத்துக்குச் செல்லாது ஊருக்குள்ளேயே சுழல்வதும் ஒரு நன்மையே. வாழ்வில் ஒருமுறை வரும் நாள் அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த நாள் ஒருமுறை வருவதுதான். ஆனால் கடனின் தவணை நாள் மாதந்தோறும் வரும்.

நுண்நிதிக் கடன்கள் கிராமப் பெண்களை எந்த நிலைக்குத் தள்ளின என்பதை நாடு ஏற்கனவே கண்டுள்ளது. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியேற்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததுடன், மாத்தளை உள்ளிட்ட மலையகப் பகுதிகளில் மண்சரிவுகளையும் பேரிழப்புகளையும் ஏற்படுத்தியது. இத்தகைய அனர்த்தம் எந்த வேளையிலும் வரலாம். அப்போது கையில் சிறு சேமிப்பு உள்ள இளங்குடும்பம் மீண்டெழும். திருமணக் கடனுடன் இருக்கும் குடும்பம் மேலும் மூழ்கும்.

மணமக்களை வாழ்த்த வரும் ஒவ்வொருவரும் அவர்கள் பல்லாண்டு நலமாக வாழ வேண்டும் என்றே வாழ்த்துகின்றனர். அந்த வாழ்த்து உண்மையாக வேண்டுமாயின், அவர்கள் கடனின்றி வாழ்வைத் தொடங்குவதற்கான சூழலை அமைத்துக் கொடுப்பதும் வாழ்த்துபவர்களின் கடமையாகும். இரத்தோட்டையின் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் இதனை ஒரே காலத்தில் ஆரம்பிக்குமாயின், மலையகத்தின் ஏனைய ஊர்களும் அதனைப் பின்பற்றத் தயங்கமாட்டா.