0.1 மில்லிக்குள் எத்தனை உயிர்?

செங்கல்பட்டு பிசிஜி ஆய்வைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே முடிவைத்தான் சொல்கிறோம்: நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. 1968இல் தொடங்கி, சுமார் 2,60,000 பேரை உட்படுத்திய ஆய்வு அது. 1999இல் வெளியான 15 ஆண்டுக் கண்காணிப்பிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளிடம் மட்டும் 27 சதவீதம் என்ற சொற்ப அளவு. ஆனால் அந்த ஆய்வு இன்னொரு கேள்வியையும் கேட்டது. டென்மார்க், பிரான்ஸ் ஆகிய இரண்டு வகை பிசிஜி, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என்று பத்து மடங்கு இடைவெளியில் இரண்டு அளவுகள். பத்து மடங்கு கூட்டிக் கொடுத்தும் பெரியவர்களுக்குப் பயனில்லை. இத்தனைக்கும் ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் தடிப்பு நன்றாகவே வந்திருந்தது.

இந்த முடிவுக்குச் சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியாக்களைக் காரணம் காட்டுவது வழக்கம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, அளவு பற்றிய கேள்வியை அப்படியே மூடி வைத்துவிட்டோம் என்பதே என் குறை.

ஆய்வகத்தில் அந்தக் கேள்வி மூடப்படவில்லை. ஏஜி85பி-டிபி10.4 என்ற இணைப்புப் புரதத்தை ஐசி31 துணைப்பொருளுடன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், 0.5 மைக்ரோகிராம் தந்த பாதுகாப்பை 5, 15 மைக்ரோகிராம்கள் தரவில்லை. ஆன்டிஜென் மிகுந்தால் டி செல்கள் வேகமாகப் பெருகி முதிர்ந்துவிடுகின்றன. இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து, ரத்தக்குழாய்களிலேயே தங்கிவிடுகின்றன. ஆன்டிஜென் குறைவாக இருக்கும்போது, அதை இறுகப் பற்றக்கூடிய செல்களே போட்டியில் நிலைக்கின்றன. அவற்றுக்கு நினைவாற்றலும் அதிகம், நுரையீரல் திசுவுக்குள் நுழையும் திறனும் அதிகம். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் தழை செழித்து, கதிர் ஏமாற்றும் கதைதான். நாமோ தழையை அளந்து விளைச்சலை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்: இன்டர்ஃபெரான் காமாவின் உச்சத்தைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அதற்காக ‘குறைவே நல்லது’ என்று புதுச் சூத்திரம் எழுதிவிட முடியாது. 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ரீசஸ் குரங்கு ஆய்வு நேர் எதிர்த் திசையைக் காட்டியது. வழக்கமான அளவைப்போல் நூறு மடங்கு, அதாவது 5 கோடி உயிருள்ள பிசிஜி பாக்டீரியாக்களைச் சிரைவழியே செலுத்தியபோது, 10 குரங்குகளில் 9 காப்பாற்றப்பட்டன. அவற்றுள் ஆறில் தொற்றே தென்படவில்லை. அதே 5 கோடியைத் தோலுக்குள் செலுத்திய குழு இதற்கு அருகில்கூட வரவில்லை. எனவே அளவைத் தனியே பேசிப் பயனில்லை. செலுத்தும் வழியோடு சேர்த்தே பேச வேண்டும். அடுத்து 2023இல், சிரைவழி அளவைப் பலவாறாக மாற்றி 34 குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 18 தப்பின. எல்லாவற்றையும் காக்காத அளவுகளும் இருந்ததால்தான், தப்பியவற்றையும் தப்பாதவற்றையும் ஒப்பிட்டு, மூச்சுப்பாதையின் சிடி4 டி செல்களும் என்கே செல்களும் பாதுகாப்போடு சேர்ந்து வருவதைக் கண்டறிய முடிந்தது. அளவை மாற்றிப் பார்ப்பது ஏன் வீண் செலவல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மனிதரிடம் நிலைமை இன்னும் சிக்கல். எச்56:ஐசி31 தடுப்பூசியில் 5, 15, 50 மைக்ரோகிராம்களை ஒப்பிட்டு, சிறிய அளவான ஐந்தையே தேர்ந்தெடுத்தார்கள். முறையான தேர்வுதான். ஆனால் சிகிச்சை முடித்தவர்களுக்குக் காசநோய் மீண்டும் வராமல் அது தடுக்கவில்லை. தடுப்பூசி பெற்ற குழுவில் மீள்வரவு கூடுதலாகவே இருந்தது. ரத்தத்தில் அளந்த வினைக்கு ஏற்ற அளவு வேறு, நோயைத் தடுக்கும் அளவு வேறாக இருக்கக்கூடும். எம்72 தடுப்பூசி 10 மைக்ரோகிராம் என்ற ஒரே அளவில் 2024இல் மூன்றாம் கட்டத்துக்கு வந்திருக்கிறது. சுமார் 20,000 பேர். இரண்டாவது அளவுக்கு ஒரு குழு சேர்த்தால் செலவு எங்கே போகும் என்பது புரிகிறது. ஆனாலும் விளைவு ஏமாற்றினால், பிழை ஆன்டிஜெனிலா அளவிலா என்று பிரித்தறிய வழியிருக்காது. 1968இல் இருந்த துணிச்சல் இன்று இல்லை.

நம் கைக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லி, ஒரு மாதம் தாண்டினால் 0.1 மில்லி. இது கன அளவு மட்டுமே. உள்ளே உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை வகைக்கு வகை, தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். கரைத்த பின் வெயிலும் வெளிச்சமும் அதைக் குறைக்கும். நான்கு மணி நேர வரம்பு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி தோலைத் தாண்டி ஆழமாக இறங்கினாலோ, மருந்து வெளியே கசிந்தாலோ, பதிவேட்டில் இருக்கும் 0.1 மில்லிக்கு என்ன பொருள்?

தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் பெரியவர்களுக்கும் பிசிஜி போடத் தொடங்கியிருக்கும் நிலையில், தொகுதி எண்ணையும் கரைத்த நேரத்தையும் போட்ட நேரத்தையும் குறித்துவைக்க ஒரு நிமிடம் போதும். தொகுதிக்குச் சில குப்பிகளை எடுத்து உயிருள்ள எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஆய்வகங்கள் நம்மிடம் உண்டு. அடுத்த இதழ் முதல், பிசிஜி பற்றிய கட்டுரைகளில் வகை, தொகுதி, தெரிந்தால் உயிருள்ள எண்ணிக்கை ஆகியவற்றை ஆசிரியர்கள் குறிப்பிட வேண்டும். ‘0.1 மில்லி செலுத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதிவரும் கட்டுரையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.