தவளை போச்சு, பதிலுக்கு என்ன வந்துச்சு?

விலங்கியல் படிச்சவங்க நாலு பேர் கூடினா பேச்சு எப்படியும் தவளைக்கு வந்துடும். மெழுகுத் தட்டுல மல்லாக்கப் படுக்க வச்சு, நாலு காலுக்கும் குண்டூசி குத்தி, தோலைக் கத்தரிச்சு... எக்ஸ்டர்னல் வந்து "பத்தாவது மண்டை நரம்பு எங்கேம்மா?"ன்னு கேட்டதும், கொடி குத்தின இடத்துல நரம்பே இல்லாம வெறும் சவ்வு மட்டும் இருந்ததும். எல்லாருக்கும் ஒரே கதைதான், ஊர் பேர்தான் மாறும்.

இப்ப படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் டிசெக்‌ஷனைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014-ல் விலங்கியல், உயிர் அறிவியல் பட்டப்படிப்புகளில் அதை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது.

இதில் நம்ம திருச்சிக்கு ஒரு பங்கு உண்டு. லால்குடி பக்கம் கேட்டுப் பார்த்தால் பத்தில் ஒருத்தருக்குக்கூடத் தெரியாது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் மகாத்மா காந்தி - டோரன்காம்ப் மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். உயிர் அறிவியல் கல்வியில் விலங்குகளுக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோரன்காம்ப்-ஸ்பிண்டன் அறக்கட்டளை உதவியது. பேராசிரியர் எம்.ஏ.அக்பர்ஷா அதற்கு இயக்குநராக இருந்தார். இத்தனைக்கும் அவர் எலிகளை வைத்து இனப்பெருக்க ஆய்வு செய்த விலங்கியல்காரர். வேடிக்கை பார்த்தவர் சொன்னால் 'உங்களுக்கென்ன தெரியும்'னு கேட்கலாம். உள்ளே இருந்தவரே சொல்லும்போது என்ன பண்ணுவது? டிசெக்‌ஷன் வேண்டாம் என்று தொடர்ந்து குரல் கொடுத்த இடங்களில் அந்த மையமும் ஒன்று.

தவளையை விட்டதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் தவளைக்கும் இடம் இருந்தது. வயலில் பூச்சி தின்கிற தவளை குறைகிறது என்ற கவலையும் சேர்ந்துதான் 1987-ல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆனாலும் கல்லூரிகளுக்குக் கோணிப்பையில் தவளை வந்துகொண்டேதான் இருந்தது. அறுத்த முப்பது பேரில் அந்தப் பத்தாவது நரம்பை நிஜமாகப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் தேறினால் அதிகம். மீதித் தவளைகள் செத்தது ரெக்கார்ட் நோட்டுக்காக. அதிலும் படம் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைவோம் :-)

பழைய வாத்தியார்கள் சிலர் இன்னும் ஆதங்கப்படுவார்கள், "தவளையைத் தொடாதவன் என்னய்யா விலங்கியல் படிச்சான்?"னு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு நெல்மணி இருக்கிறது, அதைத் தேடி எடுக்கணும்.

தவளை எங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது? உடற்கூறு இல்லை, அதைப் புத்தகமே சொல்லிக் கொடுத்தது. படத்தில் இருப்பது மாதிரி நிஜம் இருக்காது என்பதைத்தான் தவளை சொல்லிக் கொடுத்தது. படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம். திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. பெண் தவளையாக இருந்தால் வயிறு முழுக்கக் கருப்பாக முட்டை, குடலே கண்ணில் படாது. பக்கத்து டேபிள் தவளைக்கு மஞ்சள் விரல் மாதிரி கொழுப்பு தொங்கும், நம்ம தவளைக்குச் சும்மா பேருக்கு ரெண்டு இருக்கும். ஏன் சார் இதுக்கு இல்லைன்னு கேட்டால், அந்த இடத்தில்தான் உயிரியலே ஆரம்பிக்கிறது. சாப்பாடு, பருவம், வயசு எல்லாம் உள்ளே வந்துவிடும்.

கம்ப்யூட்டர் தவளையில் அது வராது. சாஃப்ட்வேரில் நூறு பேர் நூறு தடவை திறந்தாலும் அதே தவளைதான். மருத்துவர் ஆகப் போகிறவருக்கு அது பரவாயில்லை, பின்னால் மனித உடலையே பார்த்துவிடுவார். பி.எஸ்சி.யோடு நிற்கப் போகிற பிள்ளைக்கு?

என் அக்கா பெண் ஒரு அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம், பல இடங்களில் இதுதான் நிலைமை. அவளுடைய செய்முறை வகுப்பை விசாரித்தேன். சுவரில் ஒரு வீடியோ போட்டார்களாம். ப்ரொஜெக்டர் இல்லாத நாளில் சார்ட். மூன்று வருஷத்தில் மைக்ரோஸ்கோப்பின் குமிழைத் தானே திருகிப் பார்த்தது எத்தனை தடவை என்றால் விரல் விட்டு எண்ணினாள். ஒரு கைவிரல் மிச்சம். தவளைக்குச் செலவழித்த பணமும் நேரமும் எங்கே போச்சு? போன இடம் தெரியவில்லை. செய்முறை என்ற பெயரில் இன்னொரு தியரி வகுப்பு, அவ்வளவுதான்.

பாரதிதாசன் பல்கலை 1982-ல் வந்தது. புதுக்கோட்டை ரோட்டில் பல்கலைப்பேரூர் வளாகத்துக்குப் போனால் வேற உலகம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் 1991-லிருந்து கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் அங்கேதான் இருக்கிறது. உயிர் மருத்துவ அறிவியலுக்குத் தனித் துறையே உண்டு. நல்ல கருவிகள், நல்ல ஆட்கள். ஆனால் இளநிலை படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் இருப்பது அந்த வளாகத்தில் இல்லை. லால்குடி மாதிரி ஊர்களில், அதன் கீழ் வருகிற கல்லூரிகளில். தூரம் ரெண்டு பஸ்தான், சத்திரத்தில் இறங்கி மாறினால் போய்விடலாம். ஆனால் எம்.எஸ்சி. முதல் நாள் பிப்பெட்டைக் கையில் கொடுத்ததும் கட்டைவிரலை எங்கே வைப்பது என்று முழிக்கிற பிள்ளைக்கு அந்த ரெண்டு பஸ் தூரம் ரொம்ப அதிகம்.

உயிர் மருத்துவ அறிவியல் என்றதும் வீட்டில் 'பாதி டாக்டர்'னு நினைத்துக்கொள்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்தால் ஊசி போடவும் முடியாது, மருந்துச் சீட்டு எழுதவும் முடியாது. அந்தப் படிப்பின் முழு மதிப்பும் கையில்தான் இருக்கிறது. செல் வளர்க்கத் தெரியுமா, திசுவை மெலிசாகச் சீவிச் சாயம் ஏற்றத் தெரியுமா, முடிவு தப்பாக வந்தால் எந்தப் படியில் தப்பு என்று தேடத் தெரியுமா? ஆய்வக வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால் கேட்பது இதைத்தான். மெடிக்கல் சீட் கிடைக்காத வருத்தத்தோடு வருகிற பிள்ளையை, கையையும் பழக்காமல் அனுப்பினால் அது ரெண்டாவது தடவை ஏமாற்றுவது மாதிரி.

காசு இல்லை என்பார்கள். இந்த விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம ஊர் வாழை ஊர். கனிந்து கறுத்த பூவன் பழத்தை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் ரெண்டு நாளில் பழ ஈ வந்து உட்காரும். மார்கன் 1910-ல் வெள்ளைக் கண் ஈயைப் பார்த்ததிலிருந்து, 1933, 1946, 1995, 2017 என்று நோபல் பரிசு வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிற ஈ அது. வெள்ளைக் கண் ஈ வேண்டும் என்றால் மைசூர் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் உண்டு, அதுவும் அரசுப் பல்கலைதான். வெள்ளைக் கண் ஆணையும் சிவப்புக் கண் பெண்ணையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் சிவப்புக் கண். பேரப்பிள்ளைகளில் வெள்ளைக் கண் திரும்பி வரும், அதுவும் ஆண் ஈக்களில் மட்டும். கணக்குப்படி மூன்றுக்கு ஒன்று. பாட்டிலில் எண்ணினால் சரியாக வராது, ஒருத்தருக்கு 71-க்கு 20 வரும், இன்னொருத்தருக்கு 64-க்கு 25 வரும். அங்கேதான் தவளை சொல்லிக் கொடுத்த அதே பாடம் வருகிறது, எதையும் அறுக்காமல். ஒரு தலைமுறைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள், ஒரு செமஸ்டருக்குள் தாராளமாக முடிக்கலாம்.

ஒரே பிரச்சினை, திருச்சி வெயில். முப்பது டிகிரியில் ஆண் ஈ மலடாகிவிடும். பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி, மண் சட்டி என்று ஏதாவது செய்யணும், இல்லை கார்த்திகை மார்கழியில் வைத்துக்கொள்ளணும். எப்படிச் சமாளிப்பது என்று பிள்ளைகளே யோசிக்கட்டுமே, அதுவும் செய்முறைதான்.

அதே மாதிரி வாய்க்கால் ஓரத்துக் கொசுப்புழு. கும்பகோணம் பக்கம் யானைக்கால் நோயைப் பரப்பிய க்யூலெக்ஸ் எது, டெங்குவைக் கொண்டுவருகிற ஏடிஸ் எது என்று புழு தண்ணீரில் தொங்குவதைப் பார்த்தே சொல்லப் பழகலாம். வேண்டியது ஒரு அகப்பையும் ஒரு லென்ஸும். வெங்காய வேரில் செல் பிரிவதைப் பார்க்கலாம். தன் கன்னத்துச் செல்லைத் தானே சுரண்டி எடுத்துப் பார்க்கலாம். இதெல்லாம் பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் பரீட்சையில் வராதது எதுவும் நம்ம ஊரில் நடக்காது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. செய்முறைத் தேர்வில் பாட்டிலில் இருப்பதைப் பார்த்துப் பெயர் எழுதுகிற ஸ்பாட்டருக்குக் கொடுக்கிற மார்க்கில் பாதியை எடுங்க. மாணவர் தானே வளர்த்த, தானே எண்ணின ஏதாவது ஒன்றுக்குக் கொடுங்க. எக்ஸ்டர்னல் வந்து, "ஏம்மா, உன் கணக்கு மட்டும் 64-க்கு 25?"னு கேட்கட்டும்.