முத்திரையும் கண்ணாடியும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் களு கங்கை நீர்த்தேக்கம் எழுந்தபோது குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. பெயர்ந்து செல்வோர் கதவையும் யன்னலையும் கழற்றிச் செல்வது நம்மவர் வழக்கம். சாதாரணக் கண்ணாடியைப் புதிய சட்டத்துக்கேற்ப அறுக்கலாம்; கடைக்கதவின் வன்கண்ணாடியிலோ வைரமுனை ஆழப் பதிந்தால் பலகை முழுவதும் மணிமணியாய் உதிர்ந்துவிடும். ஏறத்தாழ 620 பாகை செல்சியசுக்குக் காய்ச்சிக் காற்றால் சட்டென்று குளிர்வித்தது அது. முதலில் இறுகிய மேற்புறம் நெருக்குண்டிருக்க, பின்னர் சுருங்கிய உட்புறத்தில் இழுவிசை தங்கியிருக்கிறது. மீண்டும் 550 பாகையளவில் சற்று நேரம் வைத்து, மிக மெல்ல ஆறவிட்டால் அவ்விசை தளரும், பிறகு அறுக்கலாம்.

இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. (விறகடுப்பில் செய்யத் துணிவோரைச் சொல்லவில்லை, வெம்மை சீராக இல்லையேல் பலகை கோணும், விசையும் உள்ளே ஒளிந்திருக்கும்.) என் கவலை வேறு. மூலையில் பதித்த 'பாதுகாப்புக் கண்ணாடி' என்னும் முத்திரை அச்சூட்டில் அழிவதில்லை, பாதுகாப்போ அழிந்துவிடுகிறது. உடைந்தால் இனி அது மணியாகாது, கத்தியாகும். படச்சட்டத்துக்கு அது போதும். பள்ளிக்கூடக் கதவுக்கு முத்திரையோடு விற்பது வஞ்சகமேயாம். ஆறவிட்ட பலகையில் முதலில் அறுத்தெறிய வேண்டியது அந்த மூலையையே.