கவனிப்பாரற்ற நீல வயர்

யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த பாவித்த கார்களில் பெரும்பாலானவற்றில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஆனால் நம் நாட்டைப் பொறுத்தவரை அது அரைச் செவிடு. காரணம் எளிது. யப்பானியப் பண்பலை வரிசை நெடுங்காலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையானது, நம்முடையது 87.5 முதல் 108 வரை. 90க்கும் 108க்கும் இடைப்பட்ட பகுதியை யப்பானியர் தமது தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளுக்கு ஒதுக்கி வைத்திருந்தனர். 2011, 2012 ஆம் ஆண்டுகளில் அந்தப் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பின்னரே 95 வரையான பகுதி வானொலிக்குக் கிடைத்தது. ஆக, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கார் நம் நிலையங்களில் ஒரு சிலவற்றை மட்டுமே கேட்கும். மற்றவை அதற்கு இல்லாதவையே.

அலைவரிசையை நகர்த்தித் தரும் சிறு பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. 14 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள சன்னலுக்குள் 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள காட்சியை அடக்க முடியாது என்பதால் அதுவும் அரைத் தீர்வுதான். அத்துடன் திரையில் ஓர் எண், உண்மையில் வேறோர் எண். எனவே பலரும் செய்வது, பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய ஸ்ரீரியோ செற் ஒன்றைப் பொருத்துவது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய காரைப் பேணி, அதன் உள்ளுறுப்புகளைப் புதுப்பித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இங்கேதான் என் முறைப்பாடு ஆரம்பமாகிறது. புதிய செற் பொருத்தப்படுகிறது, ஒலிபெருக்கிகள் அதிர்கின்றன, உரிமையாளர் மகிழ்ச்சியுடன் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பின்புறத்திலோ முன் மட்காட்டிலோ இருக்கும் மோட்டார் அன்ரனா, அதாவது நாம் ஏரியல் என்று சொல்லிவந்த அந்தத் தானியங்கிக் கம்பி, அன்றுடன் எழுவதை நிறுத்திவிடுகிறது. செற்றின் பின்னால் இருந்த நீல வயரின் முனை கறுப்பு நாடாவால் சுற்றப்பட்டு உள்ளே தள்ளப்பட்டிருக்கும். நகரத்துக்குள் இருக்கும்வரை இக்குறை தெரியாது. மலைநாட்டுப் பாதையிலோ வன்னியின் நீண்ட வெளியிலோ போகும்போதுதான் வானொலி இரைச்சலாகிறது. உடனே பழி நிலையத்தின் மீது.

அந்த நீல வயர் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ள இலத்திரனியல் பட்டம் தேவையில்லை. கலைப்பீடத்தில் படித்த என் போன்றவருக்கே அது விளங்கும். மோட்டார் அன்ரனாவில் பொதுவாக மூன்று வயர்கள் உண்டு. ஒன்று பற்றரியிலிருந்து உருகி வழியாக எப்போதும் 12 வோல்ற் பெறுவது. மற்றொன்று காரின் உடலோடு இணையும் தரை வயர். மூன்றாவது, வானொலியிடமிருந்து சைகை பெறுவது. வானொலியைத் திருகியதும் நீல வயரில் 12 வோல்ற் வருகிறது. அன்ரனாவுக்குள் இருக்கும் றிலே அதைக் கண்டு மோட்டாரை இயக்குகிறது. பற்களுள்ள நைலோன் நாடா ஒன்று கம்பியை மேலே தள்ளுகிறது. வானொலியை நிறுத்தினால் சைகை அறுகிறது, மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று கம்பியை உள்ளே இழுக்கிறது. சாவியைக் கழற்றிய பின்னரும் இறங்க வேண்டியிருப்பதால்தான் எப்போதும் மின் வரும் வயர் அவசியமாகிறது. அதைச் சாவியோடு சேர்ந்து உயிர்பெறும் வயரில் இணைத்துவிட்டால், கார் நின்ற பின் கம்பி மேலேயே நின்றுவிடும். தாழ்ந்த கூரையுள்ள கராஜ் கதவு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நீல வயர் சைகைக்கானது, சுமை தூக்குவதற்கானதன்று. பெரும்பாலான செற்களில் அது அரை அம்பியருக்குள்தான் தரும். மோட்டாரோ பல அம்பியர் கேட்கும். மோட்டாரின் மின் வயரையே நேராக நீல வயரோடு முறுக்கிவிட்டால் புதிய செற்றின் அந்த வெளியீடு எரிந்துபோகும். உள்ளே றிலே இல்லாத மிகப் பழைய அன்ரனாக்களில், மின்னோட்டத்தின் திசையை மாற்றினால்தான் கம்பி ஏறி இறங்கும். அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும்.

இன்னுமொரு குழப்பம் நிறத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் செற்களில் மஞ்சள் எப்போதும் மின் வருவது, சிவப்பு சாவியோடு வருவது, கறுப்பு தரை, நீலம் அன்ரனா, நீலமும் வெள்ளையும் கலந்தது வெளிப் பெருக்கியை உயிர்ப்பிப்பது. இவ்வளவும் பழக்கத்தால் வந்த ஒழுங்கு. கார் உற்பத்தியாளர்கள் இதற்குக் கட்டுப்பட்டவர்களல்லர். ரொயோட்டாவின் பல வாகனங்களில் எப்போதும் மின் வரும் வயரே நீலமும் மஞ்சளும் கலந்தது, தரை வயர் பழுப்பு. 'நீலத்துக்கு நீலம்' என்று கண்ணால் பார்த்து இணைப்பவர், பற்றரியின் மின்னைச் செற்றின் சைகை வெளியீட்டுக்குள் பின்வழியாகச் செலுத்துகிறார். ஒரு சிறிய சோதனை மானியை எடுத்து வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நம் கடைகள் தர மறுக்கின்றன. கொழும்பில் ஒரு கடையில், காரின் மூல இணைப்பானையே வெட்டி எறிந்துவிட்டு வயர்களை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்த இளைஞரைக் கண்டேன். அதே கடையின் கண்ணாடிப் பேழையில், வெட்டாமல் இணைக்க உதவும் மாற்று இணைப்பான் விலைச்சீட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது! அதை விற்பதற்கு வாடிக்கையாளர் கேட்க வேண்டும்; அப்படி ஒன்று இருப்பதே வாடிக்கையாளருக்குத் தெரியாது.

நீலத்துக்கும் நீல-வெள்ளைக்கும் உள்ள வேறுபாடும் கவனத்துக்குரியது. பல செற்களில் நீலம் வானொலி ஒலிக்கும்போது மட்டுமே உயிரோடிருக்கும். நீல-வெள்ளை செற் இயங்கும் நேரமெல்லாம் உயிரோடிருக்கும். பெருக்கியை நீலத்தில் கொடுத்தால், இறுவட்டுக்கு மாறியதும் கார் மௌனமாகிவிடும். அன்ரனாவை நீல-வெள்ளையில் கொடுத்தால், பாட்டுக் கேட்டாலும் கம்பி வெளியே நின்று தென்னோலையில் அடிபடும். ஒரே வயர்தான் இருக்கிறதென்றால் இரண்டையும் அதில் தொங்கவிடாமல் ஒரு றிலேயை இடையில் வைப்பதே முறை. அதன் சுருள் ஏறத்தாழ 150 மில்லி அம்பியரோடு திருப்தியடைந்துவிடும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் வாசகர்கள், தங்கள் காரில் ஏறி இறங்கும் கம்பியே இல்லையென்று சொல்லக்கூடும். உண்மை. ஆனால் நீல வயர் அங்கும் தப்பவில்லை. பின் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய கோடுகள்தான் இன்றைய பல கார்களின் அன்ரனா. அருகே ஒரு சிறு பெருக்கி ஒளிந்திருக்கிறது. அதற்கும் மின் வேண்டும். வொக்ஸ்வாகன் போன்ற பல ஐரோப்பியக் கார்களில் அந்த மின் அன்ரனாவின் ஓரச்சு வடத்தின் வழியாகவே செல்கிறது. வெளியே வாங்கிய செற் அதைத் தானாகத் தராது. நீல வயரை ஏற்கும் இடைச்செருகி ஒன்றைப் பொருத்தாவிட்டால், புதிய செற்றை விடப் பழையதே நன்றாகக் கேட்டது என்ற அதிசயம் நிகழும்.

'இந்தக் காலத்தில் யார் வானொலி கேட்கிறார்கள், கைத்தொலைபேசி இருக்கிறதே' என்ற கேள்வி உடனே எழும். இக்கேள்வியைக் கேட்பவர்கள் கோபுரங்கள் விழாத ஊரில் வாழ்பவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டியபோது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் ஒன்றாக அறுந்தன. அத்தகைய இரவில் ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருக்கும் பெரிய மின்கலம் காரின் பற்றரிதான்; அதோடு இணைந்திருப்பது வானொலி. அதன் ஏரியல் மட்காட்டுக்குள் புதைந்து கிடந்தால், தொலைதூர நிலையத்தின் எச்சரிக்கை எப்படி வந்து சேரும்? 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீற்றர்; அதன் கால் பங்கான 75 சென்ரிமீற்றர் கம்பி வெளியே நிற்க வேண்டும் என்பது இயற்பியல். அழகுக்காகக் கூரையில் ஒட்டப்படும், உள்ளே ஒன்றுமேயில்லாத பிளாஸ்ரிக் சுறாத்துடுப்பு அந்த வேலையைச் செய்யாது. முறிந்த அன்ரனாவுக்கு மாற்றாக அதை ஒட்டிக் காசு வாங்குவதை நான் வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

அமெரிக்காவில் மின்சாரக் கார்களிலிருந்து மத்திய அலை வானொலியை நீக்கும் முயற்சிகள் நடந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2023 மே மாதத்தில் போர்ட் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அவசரகால அறிவித்தலே அங்கு முன்வைக்கப்பட்ட முதன்மை வாதம். அங்கே சட்டமன்றம் வரை போன விடயம், இங்கே ஒரு நாடாத்துண்டால் முடித்துவைக்கப்படுகிறது.

எனவே செற் மாற்றக் கொடுப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கராஜ் வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். வானொலியைப் போடுங்கள், கம்பி முழுமையாக ஏறுகிறதா? வேறு ஒலிமூலத்துக்கு மாற்றுங்கள், என்ன செய்கிறது? நிறுத்தாமலே சாவியைக் கழற்றுங்கள், இறங்குகிறதா? மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் கம்பி அசையவில்லையென்றால் நைலோன் நாடா அறுந்திருக்கிறது என்று பொருள்; பல வாகனங்களுக்கு, முழு அன்ரனாவையும் மாற்றாமல் நாடாவோடு கூடிய கம்பியை மட்டும் தனியாக வாங்கலாம். சத்தமே இல்லையென்றால், செற்றை மீண்டும் வெளியே இழுத்து நீல வயர் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.