பிள்ளை வளர்ப்பில் நம் பங்கு எவ்வளவு?

சிங்கப்பூரின் சுவா சூ காங்கிற்கு எம்ஆர்டி ரயில் 1990இல் வந்தது. அதையொட்டி எழும்பிய வீவக அடுக்குமாடிகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று தாங்களே பெற்றோர். அந்தத் தலைமுறை அப்பாக்களான நமக்கு நம்மைப் பற்றி உயர்ந்த எண்ணம் உண்டு. செம்பவாங் கடற்படைத் தளத்திலோ துறைமுகத்திலோ வேலை முடிந்து நம் தாத்தா வீட்டுக்குள் நுழைந்தால் வீடே அடங்கும். அவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டி யாரும் பார்த்ததில்லை. நாமோ டயப்பர் மாற்றுகிறோம், லாட் ஒன் கடைத்தொகுதியில் தள்ளுவண்டி தள்ளுகிறோம். அதனால் காலம் மாறிவிட்டது, நாமும் மாறிவிட்டோம் என்று முடிவுகட்டிவிட்டோம்.

வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பெருமை நிற்காது. கல்வி அமைச்சின் பேரன்ட்ஸ் கேட்வே செயலி 2019இல் வந்தது. பள்ளி அனுப்பும் ஒப்புதல் கடிதம் முதல் ஆசிரியர் சந்திப்பு வரை எல்லாம் அதில்தான். நம்மில் எத்தனை பேர் கைப்பேசியில் அது இருக்கிறது? பிள்ளையின் அடுத்த தடுப்பூசி எப்போது, எந்தப் பாடம் அவனுக்குப் பயம், இடைவேளையில் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதெல்லாம் தாய்க்குத் தெரியும். நாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். வீட்டு வேலையில் கொஞ்சம் பகிர்ந்துகொண்டோம், உண்மைதான். வீட்டைப் பற்றிய கவலையை அவளிடமே விட்டுவிட்டோம்.

சட்டம் நமக்கு முன்னே நடந்துவிட்டது. 2013இல் ஒரு வாரமாகத் தொடங்கிய தந்தையர் விடுப்பு 2017இல் இரண்டு வாரமானது. 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வார விடுப்பை முதலாளி கட்டாயம் தர வேண்டும். அதற்கு மேல் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் வந்திருக்கிறது. நம் பங்கையும் மனைவி பெயருக்கே மாற்றிவிடலாமா என்றுதான் நமக்கு முதலில் தோன்றுகிறது. விடுப்பு எடுத்தாலும், குழந்தை பார்க்க வரும் உறவினருக்குக் காப்பி கொடுத்து உபசரிப்பதிலும் பதினாறாம் நாள் விருந்துக்கு ஆள் பிடிப்பதிலும் அது கரைந்துவிடுகிறது.

நாம் விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள்? 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்குக் கதவு திறந்தபோது, நம் பெண்கள் வேலைக்குப் போக வழி பிறந்தது. கணவன் அடுக்களைக்குள் வராமல் தப்பிக்கவும் அதுவே வழியானது. தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒருத்தி நம் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். அவள் பிள்ளையின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013இல்தான் வந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டக் கூடாது என்று 2023இல் இன்னொரு விதி போட வேண்டியிருந்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே நம் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை.

பணிப்பெண் இல்லாத வீட்டில் பாட்டி. மூட்டுவலியோடு பள்ளி வாசலில் காத்திருப்பவரும் அவர், மதியச் சோறு போடுபவரும் அவர். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியின் பேரில் 3,000 வெள்ளி வரிக்கழிவு உண்டு. அதை வேலைக்குப் போகும் தாய்தான் கோரலாம், தகப்பன் கோர முடியாது. பிள்ளை என்றால் தாயின் பொறுப்பு என்று வரிச்சட்டம்கூட எண்ணுவதைக் கண்டு நம்மில் யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. “பேரனோட இருந்தா அம்மாவுக்குப் பொழுது போகும்” என்று நாமே சொல்லிக்கொண்டோம். அம்மாவைக் கேட்டுச் சொன்னோமா?

மிச்சத்தைத் துணைப்பாட வகுப்புக்குக் கொடுத்தோம். தமிழையும் அப்படித்தான். வாரம் முழுக்கப் பிள்ளையுடன் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தோசை வாங்கிக் கொடுத்தால் பண்பாடு வந்துவிடும் என்று நம்பினோம். மதிப்பெண் குறைந்ததும் தமிழாசிரியர் மேல் பாய்ந்தோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நம் தாத்தாவின் வீட்டில் பாட்டியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, அத்தைகள் பாதியில் படிப்பை நிறுத்தினார்கள். ஆனால் தாத்தா தன்னை நவீன அப்பா என்று சொல்லிக்கொள்ளவில்லை. நாம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே அப்பாக்களே, அந்தச் செயலியை இன்றே உங்கள் கைப்பேசியில் இறக்குங்கள். அடுத்த ஆசிரியர் சந்திப்புக்கும் மருந்தகத்துக்கும் நீங்கள் போங்கள். பணிப்பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகக் கொடுங்கள், பாட்டிக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை கொடுங்கள். அந்த நாட்களில் வீட்டையும் பிள்ளையையும் தனியாகப் பார்த்துக்கொள்ள நமக்குத் தெரியவில்லை என்றால், நாம் இன்னும் தகப்பனாகவில்லை.