ஊருக்குப் போகலையா?

ஒரு மார்ச் 17-ம் தேதி சாயங்காலம் எனக்கு ஒரு போன். பேசியவர் நெய்வேலி சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்து ரிட்டயரான பெரியவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு, ஆர்ச் கேட்டுக்கு வெளியே வடக்குத்துப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். மகன் அயர்லாந்தில், டப்ளினில் கம்ப்யூட்டர் வேலை.

அன்று வீடியோவில் பேத்தியைப் பார்த்திருக்கிறார். ஐந்து வயசுக் குழந்தை. தலையில் பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, சட்டையில் மூன்று இலை உள்ள ஒரு செடியைக் குத்தியிருக்கிறது. “ஹேப்பி செயின்ட் பேட்ரிக்ஸ் டே தாத்தா!” என்றிருக்கிறது. பின்னால் மருமகள் முட்டைகோஸும் உருளைக்கிழங்கும் வேக வைத்துக்கொண்டிருந்தாராம்.

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. “பொங்கலை லீவு இல்லேன்னு ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சுக்கிட்டான் சார். யாரோ பேட்ரிக்காம், அவருக்கு மட்டும் அன்னிக்கே வீட்ல விசேஷம். நம்ம பண்பாடு எங்க போவுது? நீங்க ஒரு தடவை உறைக்கிற மாதிரி எழுதுங்க.”

எழுதுகிறேன் ஐயா. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி இல்லை. உறைக்க வேண்டியது உங்கள் பேத்திக்கு இல்லை.

முதலில் இந்த பேட்ரிக் யார் என்று பார்த்துவிடுவோம். அவர் அயர்லாந்துக்காரரே இல்லை. அந்தக் காலத்து ரோமானிய பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயசு வாக்கில் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆடு மேய்த்தார். தப்பி ஊர் போய்ச் சேர்ந்தார். பிறகு தன்னை அடிமையாக வைத்திருந்த அதே மண்ணுக்கு மதம் பரப்பத் திரும்பி வந்தார். சொந்த ஊரிலிருந்து பிய்த்து எறியப்பட்ட ஒரு பையன்தான் அந்த நாட்டின் காவல் புனிதர். அவர் இறந்த நாளாகச் சொல்லப்படுவதுதான் மார்ச் 17.

அந்த நாள் அங்கே ரொம்ப காலம் வெறும் கோயில் நாள். காலையில் பூசை, சட்டையில் ஷாம்ராக் என்கிற அந்த மூன்று இலைச் செடி, வீட்டில் ஒரு நல்ல சாப்பாடு. அவ்வளவுதான். அன்று மது விற்கக் கூடாது என்று 1927-ல் தடையே போட்டிருந்தார்கள். 1961-ல்தான் எடுத்தார்கள். இன்றைக்கு டி.வி.யில் நாம் பார்க்கிற ஊர்வலம், கூத்து, பச்சைச் சாயம் கலந்த பீர், இதையெல்லாம் அந்த நாளோடு சேர்த்தது பெரும்பாலும் அயர்லாந்தில் இருந்தவர்கள் இல்லை. அயர்லாந்தை விட்டுப் போனவர்கள். நியூயார்க்கில் 1762-லேயே ஊர்வலம் போயிருக்கிறார்கள். அமெரிக்கா என்றொரு நாடு அப்போது பிறக்கவே இல்லை!

ஏன் போனார்கள் என்பதுதான் விஷயம். 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் ஒரு நோய் விழுந்தது. நிலம் ஜமீன்தாருக்கு, குத்தகை விவசாயிக்கு உருளைக்கிழங்கு மட்டும் என்று இருந்த நாடு அது. கிழங்கு அழுகியது. விளைந்த தானியமும் மாடுகளும் வழக்கம்போல இங்கிலாந்துக்குக் கப்பலேறின. குத்தகை கட்டாதவர்களை வீட்டை இடித்து வெளியே தள்ளினார்கள். 1852-க்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் நாட்டை விட்டே போனார்கள்.

அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவனின் வீட்டில் முதல் நாள் ராத்திரி ஊர் கூடும். ஆடுவார்கள், பாடுவார்கள், விடிந்ததும் ஒப்பாரி வைப்பார்கள். அதற்கு ‘அமெரிக்க இழவு’ என்றே பெயர். உயிரோடு இருக்கிறவனுக்கு இழவு! திரும்பி வரமாட்டான் என்று தெரியும்.

அப்படிப் போனவர்களுக்கு மார்ச் மாதம் வந்தால் ஊரிலிருந்து தபாலில் ஷாம்ராக் வரும். பெட்டிக்குள் வாடி வதங்கி வந்து சேரும். அம்மா பறித்து அனுப்பியது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நடந்தான். ஊரில் அன்றைக்குப் பன்றி இறைச்சியும் முட்டைகோஸும் சமைப்பார்கள். நியூயார்க்கில் அது கட்டுப்படியாகாமல், பக்கத்து யூதர் கடையில் கிடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சியைப் போட்டுச் சமைத்தான். இன்றைக்கு அமெரிக்காவில் அதுதான் ‘ஐரிஷ் பாரம்பரியச் சாப்பாடு’. ஊர் மாறியது, கறி மாறியது, முட்டைகோஸ் மட்டும் மாறவில்லை. குக்கரில் பொங்கல் வைக்கிற நமக்கு இது புரியாதா?

ஆக, பெரியவரே, உங்கள் பேத்தி சட்டையில் குத்தியிருந்தது யாரோ ஒரு வெள்ளைக்காரனின் ஃபேஷன் இல்லை. நிலத்தை இழந்தவனின் ஞாபகம். தாத்தாவே வேறு ஊர், பேத்தி வேறு நாடு என்று ஆகிவிட்ட குடும்பத்துக் குழந்தை அதைக் குத்திக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை.

சரி, இப்போது நெய்வேலிக்கு வருவோம்.

பொங்கலுக்கு முதல் நாள் நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? வட்டம் வட்டமாகக் காலியாகும். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. எதிர்ப்படுகிற எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “என்ன, ஊருக்குப் போகலையா?”

நெய்வேலி யாருக்கும் ‘ஊர்’ இல்லை. திருநெல்வேலிக்காரருக்குத் திருநெல்வேலி ஊர். தஞ்சாவூர்க்காரருக்குத் தஞ்சாவூர். பிறந்ததே நெய்வேலி ஆஸ்பத்திரியில், படித்ததே டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் என்றாலும் பிள்ளைகளுக்கு ‘சொந்த ஊர்’ வேறு. பிழைக்க வந்தவர்களின் டவுன்ஷிப். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாத சிலர் இருக்கிறார்கள். உங்கள் குவார்ட்டர்ஸ் நிற்கிற இடமும் உங்கள் சுரங்கம் தோண்டிய இடமும் யாருக்கு ஊராக இருந்ததோ, அவர்கள். 1956-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் முதல் மின்சாரம். அதே 1962-ல்தான் அமெரிக்காவின் சிகாகோவில் பேட்ரிக் நாளுக்கு ஆற்றையே பச்சையாக்க ஆரம்பித்தார்கள்! அவர்கள் விட்டுவந்த ஊரை ஆற்றில் கரைத்தாவது ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நாம் என்ன செய்தோம்?

நம்பர் போட்டோம். வட்டம் 1, வட்டம் 2, வட்டம் 3. வயலுக்கும் குளத்துக்கும் முந்திரித் தோப்புக்கும் பெயர் இருந்தது. அதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு நம்பர். “நீங்க எந்த வட்டம்?” என்று கேட்டே மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்த வட்டத்துக்கு அடியில் எந்த ஊர் என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை விடுங்கள், அப்பாவைக் கேளுங்கள்.

அயர்லாந்திலும் இந்த வேலை நடந்தது. 1824-லிருந்து ஆங்கிலேய அரசு அந்த நாட்டை அளந்து வரைபடம் போட்டது. ஊர்ப் பெயர்களையெல்லாம் ஆங்கிலக்காரன் வாய்க்கு வசதியாகத் திரித்து எழுதினார்கள். ஐரிஷ் மொழியில் ஊரைக் குறிக்கிற சொல் பல பெயர்களில் ‘பாலி’ என்று ஆகிவிட்டது. ஆனால் விடுதலைக்குப் பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய பெயர்களைத் தேடித் திரட்ட அரசிலேயே ஒரு பிரிவு. 2008-ல் எல்லாவற்றையும் யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழி விழா வேறு. தினமும் ஆங்கிலம் பேசுகிறவன் அந்த நாட்களில் தனக்குத் தெரிந்த நாலு ஐரிஷ் வார்த்தையைப் பிள்ளைகளோடு பேசிப் பார்க்கிறான். டப்ளின் பேத்தி அதில் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. பச்சைப் பயிர் சேற்றோடு புரண்டதை நாடே டி.வி.யில் பார்த்தது. நிலத்தைப் பல வருஷம் முன்பே எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று சொல்லியும் வைத்தார்கள் என்றது நிறுவனம். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்து கேட்டார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது.

காசு சரி. அந்தப் பயிர்தான் அடுத்த தைப் பொங்கல். அதற்கு யார் ஈடு கொடுப்பது? பேத்தி பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்ததற்குக் கோபம் வருகிற நமக்கு, பொங்கலையே மண்ணுக்குள் தள்ளியபோது எவ்வளவு கோபம் வந்தது?

எதிர்க்கேள்விகள் வரும் என்று தெரியும். “நெய்வேலி கரண்ட் இல்லேன்னா நீ ஃபேன் கீழ உக்காந்து இதை எழுதுவியா?” எழுத மாட்டேன். அறுபது வருஷமாக அந்த மின்சாரத்தில்தான் நாம் மாவாட்டினோம், படித்தோம், சீரியல் பார்த்தோம். நான் சுரங்கத்தை மூடு என்று எழுதவில்லை. அது தனி விவாதம். “நஷ்ட ஈடு, வேலை, மாற்று இடம் எல்லாம் கொடுத்தாச்சே?” கொடுத்தது போதுமா என்று இன்னும் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதும் என்றே வையுங்கள். அது மண்ணுக்கு விலை. ஊரின் பெயரை மறந்துபோவதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தோம் என்று எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

பண்பாடு, பண்பாடு என்கிறோம். பண்டிகை என்றால் மெனு என்று ஆக்கிவிட்டோம். சர்க்கரைப் பொங்கல், வடை, டி.வி.யில் பட்டிமன்றம். ஐரிஷ்காரன் தட்டில் முட்டைகோஸ் வைத்தால் கூடவே ஒரு பஞ்சத்தின் கதையும் வருகிறது. நம் இலையில் பச்சரிசிப் பொங்கல் விழும்போது என்ன கதை வருகிறது? அரிசி எந்த வயலிலிருந்து வந்தது, அந்த வயல் இன்னும் இருக்கிறதா என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்?

இத்தனைக்கும் நெய்வேலியில் அதற்கு ஒரு நாள் தயாராக இருக்கிறது. பங்குனி உத்திரம். டவுன்ஷிப்புக்குள்ளேயே வில்லுடையான்பட்டு முருகன் கோயில். கையில் வில்லோடு நிற்கிற முருகன். பால்குடமும் காவடியுமாகச் சுற்று வட்டாரமே திரளும். 2022-ல் அது மார்ச் 18-ம் தேதி வந்தது. பேட்ரிக்குக்கு மறுநாள்! அன்று காவடிக்குப் பின்னால் நடந்தவர்களில் எத்தனை பேர் பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள், ‘வில்லுடையான்பட்டு என்பது ஓர் ஊரின் பெயர்டா’ என்று? நம்பர்களுக்கு நடுவே முருகன் மட்டும் இன்னும் ஊர்ப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஆகவே பெரியவரே, உங்களுக்கும், நெய்வேலியில் வாழ்ந்த, வாழ்கிற எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது. நிறுவனம் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வட்டத்தின் வாசலிலும் பழைய ஊர்ப் பெயரோடு ஒரு பலகை. பெரிய செலவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். அடுத்த பொங்கலுக்குப் பேத்தியோடு வீடியோவில் பேசும்போது, திட்டாதீர்கள். முப்பது வருஷம் நீங்கள் இருந்த வட்டத்துக்கு அடியில் இருந்த ஊரின் பெயரை விசாரித்து வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லுங்கள். கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன், வளையமாதேவி என்று இன்று நிலம் கேட்கப்படுகிற ஊர்களின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். ராஜராஜ சோழனின் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கூட அதில் இருக்கிறது என்று சொன்னால் கண்ணை விரித்துக் கேட்பாள்.

பச்சைச் சட்டை போட்டுக்கொண்டே கேட்கட்டும். அவள் பங்குக்கு அங்கே தெரிந்துகொண்டாள். இங்கே பாடம் பாக்கி நமக்குத்தான்.

அப்புறம், பொங்கல் சமயத்தில் நெய்வேலியில் யாரையாவது பார்த்து “ஊருக்குப் போகலையா?” என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர் நின்றுகொண்டிருப்பதே அவருடைய ஊரின் மேல் என்று இருக்கலாம்.